வெள்ளிக்கிழமைச் சுறாப் பொட்டலம்

சேர்,

நேற்று என் மகன் பதுளைச் சந்தையிலிருந்து சுறாக் கருவாடு வாங்கி வந்தான். மருமகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா கொடுக்காமல் விடமாட்டார்கள். பால் ஊறும் என்பது நம்பிக்கை. தாளைப் பிரித்ததும் அந்த வாடை வீடு முழுவதும் பரவியது. என் மனைவி துண்டுகளை வெந்நீரில் போடப் போனாள். நான் அவளைத் தடுத்து, முதுகுப் பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்து, ஜன்னலருகே கொண்டுபோய், செட்டை என்கிற துடுப்பு இருந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"புள்ள பெத்தவளுக்கு ஆக்கப் போறேன். நீங்க என்ன, அதுக்கிட்ட விசாரணை வச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

துண்டைக் கொடுத்துவிட்டேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவியும் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களைப் பார்த்த முதல் நாளே எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே, மாரா மரத்தடியில், தமிழுக்கு ஒன்றும் சிங்களத்துக்கு ஒன்றுமாக இரண்டு தட்டச்சு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஜனங்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுக்கிறவன் நான். கடலே இல்லாத ஊருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மீன்பிடிப் பரிசோதகர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அலுவலகப் பியோன் சொல்லிச் சிரித்தான். மறுநாள் நீங்களே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் அனுமதி கேட்காமல் உட்கார்ந்தீர்கள். பதுளை வெயிலில் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும். என் தட்டச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீர் எந்தத் தோட்டம்?" என்று கேட்டீர்கள்.

என் பெயரைக் கேட்கவில்லை. உங்கள் ஊர் உத்தியோகத்தர்கள் பலர் தேயிலைத் தோட்டத்து ஜனங்களான எங்களிடம் முதலில் கேட்பது தோட்டத்தைத்தான். தெமோதரை என்று சொன்னேன். "நல்ல ஸ்டேஷன்" என்றீர்கள். அங்கே ஸ்டேஷனைத் தவிர மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனாலும் தினமும் வந்தீர்கள். மகியங்கனைப் பக்கத்துக் குளங்களில் மீன்குஞ்சு விடும் வேலை முடிந்த நாட்களில் உங்கள் அலுவலகத்தில் பேசுவதற்கு ஆளில்லை. அங்கே எல்லாருக்கும் சிங்களம். உங்களுக்கு அதைப் பேச வரும், வாசிக்க எழுத்துக் கூட்டவேண்டும். உங்கள் பிளாஸ்க்கிலிருந்து மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றித் தருவீர்கள். சர்க்கரையே இருக்காது. நான் யாருக்காவது ஒரு புகாரைக் கொஞ்சம் காரம் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தால், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஐசே, கண்டதை எழுதும். நினைச்சதை எழுதாதையும்" என்பீர்கள். காரம் இல்லாத பெட்டிசத்தை யார் வாசிக்கிறார்கள் என்று நான் கேட்பேன். அப்படியே எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நட்பு என்று சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை. ஓர் அரசாங்க உத்தியோகத்தர் காரணமில்லாமல் ஒரு பெட்டிசக்காரனுக்குத் தேநீர் ஊற்றுவாரா என்றுதான் யோசித்தேன்.

சுறாவுக்கு ஒரு சட்டம் வந்திருப்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். சுறாவைக் கரைக்குக் கொண்டுவரும்போது அதன் செட்டை உடம்போடு சேர்ந்தே இருக்கவேண்டும். செட்டையைத் தனியாக இறக்கக்கூடாது.

"செட்டைக்குத்தான் ஐசே காசு. வெளிநாட்டுக்குச் சூப் வைக்கப் போகுது. உடம்புக்கு விலையில்லை. அதால கடலிலையே செட்டையை அரிஞ்சு எடுத்துப்போட்டு, சுறாவை உயிரோட தண்ணிக்குள்ள தள்ளிவிடுறாங்கள். அது நீந்தேலாமல் அடியில போய்க் கிடந்து சாகும்."

"தோட்டத்துல ஆளுங்களுக்கே கேக்க நாதி இல்லீங்க சேர். சுறாவுக்குச் சட்டமா?"

"ஆளுகளுக்கும் சட்டம் இருக்கு. அதை ஆரும் பாக்கிறேல்லை. இதையாவது நான் பாக்கிறன்."

சந்தேகத்தில் நீங்களும் எனக்குச் சளைத்தவரல்ல. சட்டம் வந்த பிறகு சுறாக் கருவாடு மலைநாட்டில் திடீரென்று மலிந்தது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். செட்டையைக் கடலிலேயே வேறொரு படகுக்குக் கைமாற்றிவிட்டு, உடம்பை மட்டும் யாரும் பார்க்காத சிறு கரையொன்றில் இறக்கி, உப்புப் போட்டு உலர்த்தி, கேள்வி கேட்காத ஜனங்கள் இருக்கும் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள் என்பது உங்கள் கணிப்பு. பசறைப் பாதையால் ஏறிவரும் ஒரு கருவாட்டு முதலாளியின் லொறிகள்மேல் உங்களுக்குக் கண். கரையில் வைத்து வெட்டிய சுறாவில் வெட்டின் விளிம்பு நேராக நிற்கும், கடலில் வெட்டிப் பல நாள் ஐஸில் கிடந்தால் அந்த இடம் வெளுத்துத் தோல் உள்ளே சுருளும் என்று சொன்னீர்கள். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எந்தச் சுறாவைக் கண்டாலும் கை தானாக அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

பிறகுதான் அந்தப் பொட்டலம்.

நீங்கள் சுத்த சைவம். முட்டை போட்ட கேக் என்று ஒரு தடவை நான் கொடுத்த துண்டைக்கூட மரியாதையாகத் திருப்பித் தந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சந்தையின் கீழ்க்கோடியில் ஒரு சில்லறைக் கருவாட்டுக் கடையிலிருந்து, தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்ததை வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். குடையை விரித்து அதற்குள் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு போனீர்கள். மழை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே அந்தப் பக்கம் போய் நின்றேன். மறுபடியும் பொட்டலம். மூன்றாவது வாரமும் போனேன். திங்கட்கிழமை வந்து நீங்கள் முக்காலியில் உட்கார்ந்ததும், சிரித்தமுகமாகத்தான் கேட்டேன்.

"என்னங்க சேர், சைவக்காரர் கையில கவிச்சி வாடை அடிக்குது?"

நீங்கள் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் உமக்குச் சொல்லேலாது ஐசே" என்றீர்கள்.

அந்த ஒரு பேச்சு எனக்குள் என்ன செய்தது என்பதை உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. இத்தனை மாதம் தேநீர் குடித்த பிறகும் நான் தோட்டத்தான், நீங்கள் உத்தியோகத்தர் என்று சொன்னதுபோல் இருந்தது. சாப்பிடாதவருக்குச் சுறா எதற்கு? காசு கொடுத்து வாங்குகிறாரா, சும்மா வாங்கிக்கொள்கிறாரா? சட்டம், சட்டம் என்பதெல்லாம் முதலாளிகளை மிரட்டிக் கறப்பதற்கா? நாள் முழுவதும் மற்றவர்களின் புகார்களைத் தட்டுகிறவனுக்கு மனிதர்களில் நல்லதை நினைக்கும் பழக்கம் விட்டுப்போய்விடும். எனக்கு விட்டுப்போய் நெடுநாள்.

அந்த மாதமே கருவாட்டு முதலாளி என்னிடம் வந்தார். உங்களுக்கு எதிராக ஒரு மொட்டைப் பெட்டிசம் வேண்டும். நீங்கள் லொறிகளை மறித்துத் தொல்லை கொடுப்பதாகவும், அதனால் தோட்டங்களுக்குச் சுறா வராமல் பால் குடிக்கும் பிள்ளைகள் வாடுவதாகவும், உங்களுக்குக் கையூட்டு கொடுத்தால்தான் லொறி நகர்வதாகவும் எழுதவேண்டும். கீழே பெயர் இல்லாமல், 'மடுல்சீமைப் பகுதித் தாய்மார்' என்று மட்டும் போடவேண்டும்.

உண்மையா என்று கேட்பது எங்கள் தொழிலில் இல்லை. கேட்க ஆரம்பித்தால் மரத்தடியைக் காலிசெய்ய வேண்டியதுதான். மடுல்சீமையிலிருந்து எந்தத் தாயும் முதலாளியிடம் வந்து அழவில்லை என்பது எனக்குத் தெரியும். என் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்; பிள்ளை பெற்று அவள் சுறா தின்றுகொண்டுதான் இருந்தாள். தெரிந்தும் நல்ல சிங்களத்தில் தட்டினேன். அன்று மாலை நீங்கள் ஊற்றிய தேநீரையும் குடித்தேன்.

ஒரு மாதம் கழித்து நீங்கள் ஒரு நீளக் கடிதத்தோடு வந்தீர்கள். உங்கள் முகம் வெளுத்திருந்தது. உங்கள் மீன்பிடித் திணைக்களத் தலைமையகம் விளக்கம் கேட்டிருந்தது. பெட்டிசத்தின் பிரதியையும் இணைத்திருந்தது. எல்லாம் சிங்களம். "வாசிச்சுச் சொல்லும் ஐசே. ஒரு சொல்லும் விடாமல்" என்று முக்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

நான் தட்டியதை நானே உங்களுக்குத் தமிழில் சொன்னேன். இப்படி ஒரு தண்டனையை எந்த நீதவானும் கொடுத்திருக்கமாட்டார். தாய்மார், பால், லொறி, கையூட்டு எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவ்வதிகாரி சந்தையிலிருந்து சுறாப் பொட்டலம் பெற்றுச் செல்கிறார்' என்ற இடம் வந்தபோது தலையை நிமிர்த்தினீர்கள்.

"இதை ஆர் கண்டவன்?"

"கடைக்காரங்க யாராச்சும் இருக்கும்ங்க சேர்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். பிறகு, "பதில் எழுதும்" என்றீர்கள்.

நீங்கள் தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் தட்டினேன். அந்தப் பொட்டலங்கள் முதலாளியின் லொறியில் வந்த சுறாத் துண்டுகள். செட்டை வெட்டிய இடம் உள்ளவையாகப் பார்த்து, யாருக்கும் சந்தேகம் வராதபடி சில்லறைக் கடையில் உங்கள் சொந்தக் காசில் வாங்கினீர்கள். எந்த நாள், எந்த லொறி என்று ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டுக் கட்டி, உங்கள் அறையில் ஒரு பிஸ்கட் டின்னில் உப்புப் போட்டு வைத்திருந்தீர்கள். சைவ வீட்டு வாடகை அறை. வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் அன்றே வெளியேற்றிவிடுவாள். போதுமான துண்டுகள் சேர்ந்ததும் அறிக்கையோடு அனுப்பி லொறிகளை நிறுத்துவதாக இருந்தது. அதுவரை யாரிடமும், என்னிடமும், சொல்லக்கூடாது என்று இருந்தீர்கள்.

கேட்டுக்கொண்டே தட்டினேன். முழுதாக நம்பினேனா என்றால், இல்லை. பிடிபட்டவன் சொல்லும் கதைகளை அந்த முக்காலியில் நிறையக் கேட்டிருக்கிறேன். டின்னை நான் பார்க்கவில்லையே என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசிப் பந்தி வந்தது. என் பெட்டிசங்கள் எல்லாம் ஒரே வரியில்தான் முடியும். தண்ணீர்க் குழாய் கேட்டாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்டாலும் அந்த வரி உண்டு: தெரிந்தோ தெரியாமலோ ஏதேனும் பிழை செய்திருப்பின் அதனைக் கருணை கூர்ந்து மன்னித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தோட்டத்து ஜனங்கள் துரைக்கு எழுதிய காலத்திலிருந்து வரும் வரி. அது இல்லாவிட்டால் கடிதம் திமிராகத் தெரியும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். நீங்கள் சொல்லாமலே அதைத் தட்டினேன். தாளை உருவி நீட்டினேன். நீங்கள் எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. நான் தட்டியதாயிற்றே என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

விசாரணை முடிந்து வந்த கடிதத்தை நீங்கள் என்னிடம் கொண்டுவரவில்லை. பியோன்தான் சொன்னான். அதிகாரி தாமே எழுத்தில் மன்னிப்புக் கோரியிருப்பதால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படுகிறது. அறையிலிருந்து எடுக்கப்பட்ட சுறாத் துண்டுகள் கையூட்டாகப் பெற்றவை. கருணை காட்டி வேலைநீக்கம் செய்யவில்லை. தூரத்தில் ஒரு பழைய பண்டகசாலைக்குப் பொறுப்பாக அனுப்புகிறார்கள். இனி எந்தப் படகையும் எந்த லொறியையும் நீங்கள் பரிசோதிக்க முடியாது. நீங்கள் சாட்சிக்குச் சேர்த்தது உங்களுக்கே சாட்சியாகிவிட்டது.

நீங்கள் போகும் அன்று ரயில் நிலையத்துக்கு வந்தேன். வராமல் இருக்கலாமா என்று கடைசி நிமிடம் வரை யோசித்தேன். மேடையில் ஒரு பெட்டி, குடை, மடியில் ஒரு பிஸ்கட் டின். விசாரணை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நான் கேட்காமலே மூடியைத் திறந்து காட்டினீர்கள். உப்பும் துண்டுகளும் சீட்டுகளும். சீட்டுகளில் உங்கள் சிறிய, சரிந்த எழுத்து. ஒவ்வொரு துண்டிலும் தோல் உள்ளே சுருண்டிருந்தது. அந்த நிமிடம் நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

"நான் மன்னிப்புக் கேக்கச் சொன்னனானோ?" என்று கேட்டீர்கள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது வழக்கமா போடுறதுங்க சேர். எல்லாத்துக்கும் போடுவேன்."

"ஓம்" என்றீர்கள். "உமக்கு வழக்கம்."

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினீர்கள். குடித்தேன். அதை ஏன் செய்தீர்கள் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். எல்லாம் தெரிந்து ஊற்றினீர்களா, ஒன்றும் தெரியாமல் ஊற்றினீர்களா? தெரிந்திருந்தால் அது எனக்குக் கொடுத்த சூடு. தெரியாதிருந்தால் அது அதைவிடக் கொடுமை. உங்கள் நல்லகுணத்தைக்கூட என்னால் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

லொறிகள் பசறைப் பாதையால் வந்துகொண்டேயிருந்தன. முதலாளி மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் தலையசைத்துவிட்டுப் போவார். ஒரு காலையில் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. சவரம் செய்துகொண்டிருந்தேன். உங்கள் பெயரும் ஊரும் சொன்னார்கள். அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று நினைத்தேன். என் சந்தேகம் எனக்கு ஆறுதலாக இருந்தது அன்று ஒரு நாள்தான். அடுத்த நாள் பியோன் வந்து நீங்கள்தான் என்று உறுதியாகச் சொன்னான். இயந்திரங்களை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன். மனைவி காரணம் கேட்டாள். பழகின ஆள் என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

உங்களுக்குப் பிறகு நான் அந்த மன்னிப்பு வரியைத் தட்டுவதில்லை. போன மாதம் மடுல்சீமையிலிருந்து ஓர் அம்மா வந்தாள். லயத்து வரிசைவீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம். வாசித்துக் காட்டினேன்.

"கடைசியில மன்னிச்சுக்கங்கன்னு ஒண்ணு வருமே, அது எங்கங்க?"

"நீங்க என்ன தப்புச் செஞ்சீங்க?"

"தப்பு ஒண்ணும் செய்யல. ஆனா கேக்குறோம்ல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு, பக்கத்து மரத்தடியில் இருக்கும் இன்னொருவரிடம் போய், அந்த வரியைச் சேர்த்துக்கொண்டு போனாள். வர வர என்னிடம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்த ஆளுக்குத் தொழில் மறந்துபோய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதமும், சுறாவைத் திருப்பிப் பார்க்கும் கையும்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். முதலாளி எனக்குச் சொன்னவற்றில் வெள்ளிக்கிழமை இல்லை, பொட்டலம் இல்லை. அந்தச் சில்லறைக் கடைக்கு நீங்கள் போவதே அவருக்குத் தெரியாது. குடைக்குள் நீங்கள் அணைத்துக்கொண்டு போனதை மூன்று வாரம் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அவர் கேட்காமல், யாரும் கேட்காமல், அந்த வரியை நான் சேர்த்தேன். மன்னிப்பு வரியைப் பழக்கத்தில் தட்டினேன் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறேன், பாதி நம்புகிறேன். இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

உங்களைப் பற்றி நான் எழுதியவை மூன்று. முதலாவதில் கையெழுத்தே இல்லை. இரண்டாவதில் உங்கள் கையெழுத்து. இதில் என்னுடையதைப் போடுகிறேன்.

பெரியசாமி சின்னராசு